குழாய் டாக்டர் கையை எடுத்த நாள்

தெரியாது, அம்மா. புதன்கிழமை உங்கள் மகளுக்கு அறுவை சிகிச்சை நடக்குமா என்று இந்த நிமிடம் எனக்குத் தெரியாது.

நீங்கள் இந்தக் கேள்வியை இயக்குநரிடம்தான் கேட்டீர்கள். அவர் பேசி முடித்து உட்காரும்போது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமலே கேட்டீர்கள். "அப்ப என் பொண்ணுக்கு?" அவ்வளவுதான். இரங்கல் கூட்டத்தில் அதெல்லாம் வேண்டாமே என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். அடுத்துப் பேச வேண்டியவள் நான். எனவே கேள்வி இப்போது என் முன்னால், இந்த மைக்குக்குப் பக்கத்தில், நின்றுகொண்டிருக்கிறது.

அது நிற்கட்டும். முதலில் முறையைச் செய்துவிடுகிறேன். மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மறைந்த நம் டாக்டரின் தங்கை அவர்களே, அறுவை அரங்கில் அவரோடு தோளுரசி நின்ற நண்பர்களே, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். நான் மயக்க மருந்து டாக்டர். உங்களில் பலருக்கு என்னை முகக்கவசத்தோடுதான் பழக்கம். இதுதான் முகம்.

குழந்தைகள் கண் பிரிவின் தலைவர், அறுவை சிகிச்சை நிபுணர், நம் குழாய் டாக்டர் இப்போது இல்லை. மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. வாழ்நாளெல்லாம் குழாய்களோடு மல்லுக்கட்டியவரைக் கடைசியில் ஒரு குழாய் ஏமாற்றிவிட்டது. இப்படிச் சொன்னால் அவர் சிரித்திருப்பார். நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்க வேண்டாம்.

குழாய் டாக்டர் என்ற பெயரைப் பெற்றோர்கள் வைத்தார்கள். கண்ணீர் எங்கே போகிறது என்று அவர் ஒவ்வொருவருக்கும் சமையலறைத் தொட்டியை வைத்துத்தான் விளக்குவார். "கண்ணு ஒரு தொட்டி. ஓரத்துல ரெண்டு சின்ன ஓட்டை. அங்கேருந்து மூக்குக்கு ஒரு குழாய். குழாய் அடைச்சா தொட்டி வழியும். வழிஞ்ச தண்ணி தேங்கினா சீழ் பிடிக்கும். புரியுதா?" எல்லோருக்கும் புரிந்தது. ஒருவருக்குக் கொஞ்சம் அதிகமாகப் புரிந்துவிட்டது. யாரிடமோ தொலைபேசி எண்ணை வாங்கி அவருக்கு போன் செய்துவிட்டார். டாக்டர் வழக்கம்போல விசாரித்தார். எத்தனை மாசமா வழியுது? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? காலையில ஒட்டிக்குதா? அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "வாஷர் போயிருக்கும்னு நினைக்கிறேம்மா, வந்து பாத்தீங்கன்னா தேவலாம்" என்றாராம். அவர் சொன்னது வீட்டுச் சமையலறைக் குழாயை. டாக்டர் இதைச் சொல்லும்போது அந்த மனிதரைக் கிண்டல் செய்ய மாட்டார். "நல்லா கவனிச்ச மனுஷன். எல்லாக் கேள்விக்கும் பதில் வெச்சிருந்தார்" என்பார்.

சற்று முன் இயக்குநர் ஒன்று சொன்னார். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் கண்ணீர்க் குழாய் அடைப்புக்கு இங்கே புதன்கிழமைகளில் நடந்துவந்த அறுவை சிகிச்சை, தகுந்த ஒருவர் கிடைக்கும்வரை நிறுத்திவைக்கப்படும். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பயத்தில் சொன்னது. அந்தப் பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைச் சுமப்பதுதான் என் வேலை.

என்ன பயம்? அதைச் சொல்கிறேன். இது மருத்துவ வகுப்பு இல்லைதான். ஆனால் இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எப்படிப் பேசுவது?

பிறந்த குழந்தைகள் பலருக்குக் கண்ணீர்க் குழாயின் அடிமுனையில் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். மூக்கோரத்தைத் தினமும் விரலால் நீவிவிட்டால், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துகொள்ளும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு அப்படி எளிதில் முடிவதில்லை. முகத்தின் நடுப்பகுதி சிறியது. எலும்பு வழி குறுகல். சிலருக்குக் குழாய் முழுக்கவே ஒடுக்கம். சிலருக்கு இமையோரத்துத் துளையே இருக்காது. எனவே காத்திருந்தாலும் திறப்பதில்லை. திறக்காதபோது எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். இவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்.

அந்த வாக்கியத்தை அவர் தன் அறையில் தடைசெய்தார். யார் சொன்னாலும் அன்றைய மருந்துத் தட்டுகளைக் கழுவ வேண்டும். பயிற்சிக்கு வந்த டாக்டர் கழுவியிருக்கிறார். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கழுவியிருக்கிறார், சிரித்துக்கொண்டேதான், ஆனாலும் கழுவினார். ஒருநாள் ஒரு தகப்பன், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டார்.

"மூணு இடத்துல பாத்துட்டோம் டாக்டர். இவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்னு..."

"யாரு சொன்னது?"

"டாக்டருங்கதான்."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க. தட்டு கழுவ ஆள் வேணும்."

தகப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் அதற்குள் கை நீட்டிவிட்டான். எல்லோரிடமும் கை குலுக்குவான் அவன். டாக்டர், செவிலியர், தரை துடைப்பவர், கதவோரம் நிற்கும் தராசு, எல்லோரிடமும். நாங்கள் அவனைத் தலைவர் என்று கூப்பிட்டோம். தலைவருக்கு அப்போது மூன்று வயது. இரண்டு கண்ணும் வழிந்துகொண்டிருந்தன. கண்ணுக்குக் கீழே தோல் சிவந்து வெடித்திருந்தது.

அப்போது நான் இங்கே புதிது. பட்டியலைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டேன். இதயத்தில் ஓட்டை அடைத்த பிள்ளை, மூச்சுவழி சிறியது, நாக்கு பெரியது. கண்ணில் தண்ணீர் வழிவதற்கா மயக்க மருந்து? உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றுக்காக உயிரைக் கொண்டுபோய் விளிம்பில் வைப்பதா? இயக்குநர் இன்று கேட்பதும் இதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையான சொற்களில்.

அவர் தலைவரின் அம்மாவைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில வரும்போது கண்ணைத் துடைக்காம கூட்டிட்டு வாங்க."

"துடைக்காமயா? அவன் கத்துவான் டாக்டர்."

"தெரியும். இந்த டாக்டரம்மா பாக்கணும். ஒரு நாள் மட்டும்."

மறுநாள் காலை அவன் வந்தான். இரண்டு கண்ணும் இறுகி ஒட்டியிருந்தன. கத்தவில்லை. அம்மாவின் உடையை ஒரு கையால் பிடித்திருந்தான். மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். என் குரல் கேட்டதும் நின்று கையை நீட்டினான். நான் இல்லாத திசையில் நீட்டினான். கை அங்கேயே நின்றது. யாராவது பிடிப்பார்கள் என்று காத்திருந்தான்.

டாக்டர் பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்து என்னிடம் கொடுத்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. இமைமுடிகளில் காய்ந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒரு கண் திறந்தது. அவன் என்னைப் பார்த்தான். கையைச் சரியான பக்கத்துக்குத் திருப்பினான்.

"தினமும் இப்படித்தான் விடியுது இவனுக்கு," என்றார் டாக்டர். "இப்ப கேளுங்க. இதுக்கா மயக்க மருந்து?"

"இதுக்குத்தான். ஆனா..."

"அந்த ஆனாவைக் கொண்டாங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

நான் என் 'ஆனா'வைக் கொண்டுபோனேன். இந்தக் குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்ச்சி. விழித்திருக்கும்போது தசைகள் காவல் நிற்கும். மயக்கத்தில் தசைகளும் தூங்கிவிடும். அப்போது தலையைப் பின்னால் சாய்த்தால், அல்லது சட்டென்று திருப்பினால், தண்டுவடம் நசுங்கலாம். கண்ணுக்காக மேசையில் படுத்த பிள்ளை கைகால் விளங்காமல் கண் விழிக்கலாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் நாம் நிம்மதியாகிவிட முடியாது.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முழுவதும் கேட்டார். பிறகு விதிகள் செய்தோம். தலையைப் பின்னால் சாய்க்கும் துணிச்சுருள் தோளுக்கடியில் கிடையாது. தலைக்கு இருபுறமும் மணல்பை. தலை நேராக மட்டும். இன்னொன்றை அவரே சேர்த்தார். மயக்க மருந்து டாக்டர் "போதும்" என்று சொன்னால் எல்லோரும் நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேள்வியெல்லாம் வெளியே வந்தபிறகு.

அவருடைய பழைய விதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். அடைப்பை எடுக்க ஒரு மெல்லிய கம்பியைத் துளை வழியாக உள்ளே விடுவார்கள். சவ்வு கிழியும்போது விரலில் ஒரு சின்ன 'பட்' தெரியும். மற்றக் குழந்தைகளிடம் பல டாக்டர்கள் அந்தப் 'பட்'டை நம்புவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். இந்தக் குழந்தைகளிடம் அது பொய் சொல்லும். முனையில் திறந்திருக்கும், நடுவில் நெருக்கிக்கொண்டிருக்கும். எனவே அவர் விரலை நம்பமாட்டார். மஞ்சள் சாயம் கலந்த நீரைக் கண் பக்கம் செலுத்தி, மூக்குக்குள்ளிருந்து உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார். மஞ்சள் வர வேண்டும். மஞ்சள் வராமல் யாரும் கையுறையைக் கழற்றக் கூடாது. அதுதான் விதி.

இனி நான் சொல்லப்போவதை இரங்கல் கூட்டத்தில் சொல்வார்களா என்று தெரியவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் நல்லதைத்தான் சொல்கிறேன். இதை மறைக்க அவரே விரும்பியதில்லை. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் வாரத்தில் அவர் வாயாலேயே சொல்லிவிடுவார்.

தலைவரின் அறுவை சிகிச்சை நாள். வலது கண் நன்றாக முடிந்தது. மஞ்சள் வந்தது. இடது கண். கம்பி உள்ளே போனது. 'பட்'. உதவிக்கு நின்றவர் நம் சின்ன டாக்டர். தலை நரைத்துவிட்டது, ஆனாலும் இந்த மருத்துவமனையில் அவர் சின்ன டாக்டர்தான். அவர் சொன்னார், "கிடைச்சிடுச்சு."

மஞ்சள் வரவில்லை.

மறுபடி. வரவில்லை. சற்றுப் பெரிய கம்பி. வரவில்லை. மானிட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மூக்குக்குள் கம்பி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் குனிந்தார். வெளிச்சம் போதவில்லை. அவருடைய இடது கை குழந்தையின் தாடைக்குக் கீழே போனது.

தாடையைத் தூக்கினால் தலை பின்னால் சாயும், மூக்குக்குள் நன்றாகத் தெரியும். அவருக்கு வேலை கற்றுத்தந்த கை அதுதான். எத்தனையோ குழந்தைகளின் தாடையைத் தூக்கிப் பழகிய கை. மனம் விதி செய்திருந்தது. கை அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

நான் அவர் மணிக்கட்டைத் தட்டிவிட்டேன்.

"கையை எடுங்க."

மேடம் என்று சொல்லவில்லை. டாக்டர் என்று சொல்லவில்லை. கையை எடுங்க. அவ்வளவுதான் வந்தது.

அவர் எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். அடுத்த நொடி மானிட்டரில் நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கியது. கழுத்தால் அல்ல, கழுத்து அசையவே இல்லை. இந்தக் குழந்தைகளின் இதயம் மயக்கத்தில் அப்படி இறங்கும். இறங்கிக்கொண்டே இருந்தது.

"போதும்," என்றேன்.

கம்பி வெளியே வந்தது. நான் மயக்கத்தைக் குறைத்தேன், ஊசி போட்டேன், மூச்சுப் பையைப் பிடித்தேன். அந்த நேரத்தைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். பிறகு துடிப்பு ஏறியது. ஏறி நின்றது.

சின்ன டாக்டர் மெதுவாகச் சொன்னார். "ஏறிடுச்சே. இன்னும் கொஞ்ச நேரம் கிடைச்சா முடிச்சிடலாம். இல்லைன்னா பிள்ளைக்கு மறுபடி மயக்க மருந்து கொடுக்கணும்." அதுவும் நியாயம். குழந்தையின் நன்மைக்காகத்தான் சொன்னார்.

அவருடைய விதிகளில் இரண்டு அன்று நேருக்கு நேர் மோதின. மஞ்சள் வராமல் கையுறையைக் கழற்றக் கூடாது. போதும் என்றால் நிறுத்த வேண்டும்.

அவர் கையுறையைக் கழற்றினார்.

"அவங்க போதும்னு சொல்லிட்டாங்க," என்றார். "எழுப்புங்க."

பெருமக்களே, வெற்றிகளைச் சொல்லத்தான் இப்படி மேடை போடுகிறோம். அவர் திறந்த கண்களை எண்ணிச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள். நான் அவர் திறக்காமல் விட்ட கண்ணைப் பற்றிப் பேச வந்தேன். ஒரு மருத்துவருக்குத் தொடங்குவது கடினமா? தொடர்வது கடினமா? இரண்டும் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முடிக்காமல், கையை எடுப்பது.

பிறகு அவர் வெளியே போனார். என்னையும் வரச் சொன்னார். நடைபாதையில் தலைவரின் அம்மாவும் அப்பாவும் நின்றிருந்தார்கள்.

"வலது கண்ணு முடிஞ்சுது. இடது கண்ணுல நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"இதயம் மெதுவாச்சு. இப்ப சரியா இருக்கான். முழிச்சிட்டு வர்றான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துது. அவன் தாடையைத் தூக்கப் பாத்தேன். தூக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட நானே சொல்லியிருந்தேன். இவங்க தடுத்துட்டாங்க. கழுத்துக்கு ஒண்ணும் ஆகல."

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் ஆகலைன்னா, இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"உங்க பிள்ளை கழுத்து. வேற யார்கிட்ட சொல்ல?"

"மறுபடியும் மயக்க மருந்து குடுக்கணுமா?"

"ஆமா."

"மறுபடியும் உங்க கையிலயா?"

அந்த அம்மா இன்னும் நெருங்கி வந்தார். "குழாய் டாக்டர்னு சொல்லி ஊரையெல்லாம் உங்ககிட்ட அனுப்பிவெச்சேன். நாலு வீட்டுக்குச் சொன்னேன். இனி நான் அந்த நாலு வீட்டு முகத்துல எப்படி முழிப்பேன்?"

"இதையும் சேத்துச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

அவர்கள் போய்விட்டார்கள். பல மாதங்கள் வரவில்லை. அவர்களுக்கு போன் செய்யலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "அது அவங்க கோபம். நான் போய்ப் பேசி அதைத் தணிக்கக் கூடாது" என்றார். எல்லாப் புதன்கிழமையும் வந்தார். மற்றக் குழந்தைகளுக்குச் செய்தார். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் கூப்பிடுவார்: "என் கையைத் தட்டிவிட்ட பொண்ணு வந்தாச்சா? வந்தாத்தான் ஆரம்பிப்பேன்." எல்லோர் முன்னாலும். இயக்குநர் அவர்களே, நீங்கள் ஒருமுறை சுற்றிப்பார்க்க வந்தபோதுகூட. நினைவிருக்கும்.

பிறகு ஒருநாள் தலைவர் வந்தான். வளர்ந்திருந்தான். வலது கண் தெளிவாக இருந்தது. இடது கண் வழிந்துகொண்டிருந்தது. அவன் அம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"ரெண்டு மூணு இடத்துல கேட்டேன். எல்லா இடத்துலயும் ஒண்ணும் ஆகாதுங்கறாங்க. என்ன ஆகப் பாத்துச்சுன்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. அதனால வந்தேன். உங்க மேல கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க."

"நினைக்கல," என்றார் டாக்டர். "உக்காருங்க."

இங்கேதான் நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இயக்குநர் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். "இதைச் செய்யக்கூடியவர் இங்கே அவர் ஒருவரே" என்று சற்று முன் சொன்னீர்கள். மரியாதையோடு மறுக்கிறேன்.

அந்த இடது கண்ணைத் திறந்தவர் குழாய் டாக்டர் இல்லை.

அவர் அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொன்னார். "என் கை ஒரு தடவை அந்தப் பக்கம் போயிருக்கு. உங்க பிள்ளை விஷயத்துல மறுபடி போகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. சின்ன டாக்டர் செய்வார். நான் பக்கத்துல இருப்பேன்." அன்று அறுவை அரங்கில் அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர்தான் கம்பியை விட்டார். நடுவில் இருந்த ஒடுக்கத்தைக் கண்டுபிடித்தார். மெல்லிய சிலிக்கோன் குழாயை உள்ளே வைத்தார். தலை அசையவில்லை. நாடித்துடிப்பு ஒருமுறை இறங்கப் பார்த்தது. நான் சொல்வதற்கு முன்பே அவர் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். ஏறியபின் தொடர்ந்தார். மஞ்சள் வந்தது. அது வந்தபோதும் குழாய் டாக்டர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, உள்ளே வைத்த குழாயை எடுத்த பிறகு, தலைவர் இங்கே வெளி நோயாளிகள் அறையில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். அழுதான். நல்ல அழுகை. கண்ணீர் கன்னமெல்லாம் வழிந்தது. பிறகு பிஸ்கட் கிடைத்தது. அழுகை நின்றது. அழுகை நின்றதும் கண்ணீரும் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பது. அவன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நின்னுடுச்சு," என்றார். "தானா நின்னுடுச்சு." குழாய் டாக்டர் சின்ன டாக்டரைக் கைகாட்டினார். அந்த அம்மா அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவர் கூச்சத்தில் மருந்து அலமாரியைத் திறந்து எதையோ தேடினார்.

ஆக, செய்யக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். தயவுசெய்து.

போன வாரம், இனி நீங்கள் செய்வீர்களா என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "அவங்க ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க. அதனால செய்ய முடிஞ்சுது. தப்பாப் போனா நிறுத்த ஒருத்தர் இருந்தாங்க. இப்ப நான் தப்புப் பண்ணினா யாரு பாப்பாங்க?" இதை இங்கே சொல்லலாமா என்று இன்று காலை அவரிடம் கேட்டேன். "சொல்லுங்க. இதுல மறைக்க என்ன இருக்கு" என்றார். முடியாது என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

சின்ன டாக்டர், நான் உங்களை மேடையிலிருந்து அழைக்கப்போவதில்லை. இத்தனை பேர் முன்னால், அவர் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டால் உங்களால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதபடி கேட்பது கேள்வியே அல்ல. அந்தப் பயத்தோடு நீங்கள் கத்தி எடுப்பதை நான் விரும்பவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. நீங்கள் தவறு செய்தால் யார் பார்ப்பது? நான் பார்ப்பேன். அவர் கையைத் தட்டிவிட்டவள் உங்கள் கையைத் தட்டிவிட மாட்டேனா?

இயக்குநர் அவர்களே, உங்களிடமும் ஒன்று. நிறுத்திவையுங்கள் என்று நீங்கள் சொன்னது பாதுகாப்புக்காக. அவரும் நிறுத்தினார், பாதுகாப்புக்காக. ஆனால் அவர் நிறுத்தியபோது நடைபாதைக்குப் போய், நின்று, ஏன் என்று சொன்னார். மறுபடி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். நாம் இன்று இந்த அம்மாவின் கேள்விக்கு இரங்கல் கூட்டத்தில் இடமில்லை என்று சொன்னோம். இதை விட்டால் வேறு எங்கே இடம்? இயக்குநர் தலையசைக்கிறார். அது ஆமாவா இல்லையா என்று இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

பெருமக்களே, இந்த இடத்தில் அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்க வேண்டும். அதுதான் முறை. எனக்கு அந்தத் தொடர்வோம் என்ற சொல் பயமாக இருக்கிறது. பன்மையில் எடுத்த உறுதிகளுக்கு யாரும் பொறுப்பு இல்லை. எனவே என் பங்கை மட்டும் சொல்கிறேன்.

புதன்கிழமை காலை நான் அறுவை அரங்கில் இருப்பேன். மருந்துகளை அளந்து வைத்திருப்பேன். மணல்பைகளை இருபுறமும் வைத்திருப்பேன். அறுவை சிகிச்சை செய்ய யாராவது வந்தால், தொடங்குவோம். யாரும் வராவிட்டால், எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு நானே நடைபாதைக்கு வருவேன். இந்த அம்மா முன்னால் நிற்பேன். நடக்கவில்லை, காரணம் இது என்று சொல்வேன். அவர் கோபப்பட்டால் நின்று கேட்டுக்கொள்வேன். அடுத்த புதனும் வருவேன்.

இவ்வளவுதான் என்னால் உறுதி சொல்ல முடியும். இது சிறியது. தெரியும்.

நன்றி. என் பேச்சு...

யார்? மன்னிக்கவும், கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

சின்ன டாக்டர் கேட்கிறார்: "பாப்பாவுக்கு இப்ப சளி இருக்கா?"

தெரியாது, சின்ன டாக்டர். சளி இருந்தால் நான் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன். பார்த்துச் சொல்கிறேன்.

*

இத்துடன் மயக்க மருந்து டாக்டரின் பேச்சு நின்றது. மேடையிலிருந்து இறங்கி, அந்தத் தாயின் அருகே சென்று, தரையில் மண்டியிட்டார். கையில் ஸ்டெதஸ்கோப் இல்லாததால் குழந்தையைத் திருப்பி நிறுத்தி, முதுகில் காதை வைத்து, இரண்டு பக்கமும் கேட்டார். பிறகு அந்தத் தாயிடம், மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும் என்று, செவ்வாய்க்கிழமை இரவு படுக்கப்போகும்போது கொடுக்கும் பாலோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.